இங்கோனி எழவுக்கு ஒரு பெம்பா மச்சினி

எங்கள் ராணுவ அகாடமியில் ஒவ்வொருவருக்கும் ஒரு கனவுப் படை உண்டு. ஷாவாவுக்குப் பீரங்கிப் படை. ஏன் என்று கேட்டால், "நான் பேசினா ஒருத்தனும் கேக்க மாட்டேங்கறான், பீரங்கி பேசினா கேப்பான்ல" என்பான். முத்தாலேவுக்குச் சம்பளப் பிரிவு. அங்கே மின்விசிறி உண்டு, யாரோடும் அதிகம் பேச வேண்டியதில்லை. எனக்குப் பொறியியல் படை. எனக்குப் பாலம் கட்ட வேண்டும்.

நான் வளர்ந்தது சம்பேஷி ஆற்றங்கரையில். எங்கள் ஊர் மிதவைப் படகு ஓடிய நாட்களைவிடப் பழுதாகிக் கிடந்த நாட்களே அதிகம். சந்தைக்கு என்று அம்மா கட்டிக்கொண்டு போன மீன் அக்கரையைப் பார்த்துக்கொண்டே நாறிப்போகும். அந்த நாற்றத்தோடு திரும்பி வந்து அவள் படும் கோபத்தைப் பார்த்துத்தான் எனக்குக் கணக்குப் பாடத்தில் ஆசை வந்தது.

ஆனால் எங்கள் ஆண்டு மாணவர்களுக்குப் பொறியியல் படையில் ஒரே ஓர் இடம்தான். அதற்கு நானும் ஹமூங்காவும் போட்டி. அவன் டோங்கா சனத்துப் பையன், வாயைத் திறந்தால் மாட்டைப் பற்றியும் சிமெண்டைப் பற்றியும் மட்டும்தான் பேசுவான். கடைசிக் களப் பயிற்சியில் ஆளுக்கு ஒரு குழுவைக் கொடுப்பார்கள். குழுவையும் சாமான்களையும் முழுசாகக் குறித்த குன்றுக்கு, வெளிச்சம் போவதற்குள், கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சேர்த்தவருக்கு விரும்பிய படை. தவறியவருக்கு மிச்சமிருக்கிற படை.

எனக்கு உதவித் தலைவனாக ஷாவாவைப் போட்ட புண்ணியவான் யாரென்று இன்றுவரை தெரியவில்லை. நான் பெம்பா, அவன் இங்கோனி. எங்கள் நாட்டில் இந்த இரண்டு சனமும் மாமன் மச்சான் முறை. எந்தக் காலத்திலோ எங்கள் பாட்டன்மார் ஒருவரையொருவர் ஈட்டியால் குத்திக்கொண்டார்கள். குத்திக் குத்தி அலுத்துப்போய், இனிமேல் வாயால் குத்திக்கொள்ளலாம் என்று முடிவு செய்துவிட்டார்கள். அதனால் அவன் என்னைக் குரங்குதின்னி என்பான், நான் அவனை எலிதின்னி என்பேன். கோபித்துக்கொண்டவர் தோற்றவர். மச்சான் வீட்டுக் கோழியைப் பிடித்துக்கொண்டு போனால் ஏன் என்று கேட்கக் கூடாது. பதிலுக்கு, மச்சான் வீட்டில் எழவு விழுந்தால் ஓடிப்போய் முன்னால் நிற்க வேண்டும். குழி வெட்டுகிறவர்களை அதட்டுவது, சமையலில் குற்றம் சொல்வது, அழுகிறவர்களைச் சிரிக்கவைப்பது எல்லாம் மச்சான் வேலை.

பயிற்சி கிழக்கு மாகாணத்தில். அதாவது ஷாவாவின் ஊர்ப் பக்கம். முந்தின நாள் பெய்த மழையில் பாதையெல்லாம் சேறு. ஒன்பது பேரும் வரிசையாக நடந்தோம். எங்களுக்கு மதிப்பெண் போடுகிற கேப்டன் சிட்டாலி கடைசியில் வந்தார். அவர் பேச மாட்டார். வேர்க்கடலையை மென்றுகொண்டே பார்ப்பார். அந்த மெல்லும் சத்தம் நின்றால் யாரோ தப்புச் செய்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

"கமாண்டர் குரங்குதின்னி," என்றான் ஷாவா, "அந்த மரத்துல உங்க சொந்தக்காரங்க யாராச்சும் உக்காந்திருக்காங்களா பாருங்க. ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிடலாம்."

"ஊர்ப்பக்கம் வந்ததும் வாய் நீளுதாக்கும்? கீழ பார்த்து நட. எலி வளையில காலை விட்டு உன் மதியச் சாப்பாட்டை மிதிச்சுடாத."

குழு சிரித்தது. முத்தாலேகூட லேசாகச் சிரித்தான். அவனும் பெம்பாதான், ஆனால் எங்கள் சனத்தின் வாய் அவனுக்கு வாய்க்கவில்லை. நீச்சலில் மட்டும் அவனை அடிக்க ஆளில்லை.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஓடைக்கு வந்தோம். வரைபடத்தில் மெல்லிய கோடாக இருந்த ஓடை, மழையில் ஆறாகிப் பழுப்பாக ஓடிக்கொண்டிருந்தது. அதன்மேல் இருந்த மரப்பாலம் போன இடம் தெரியவில்லை. இக்கரையில் ஒரு மாட்டுவண்டி நின்றது. வண்டியில் சவப்பெட்டி. சிட்டெங்கே துணியை இடுப்பில் சுற்றிய பெண்கள் ஈரத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஆண்கள் தண்ணீரைப் பார்த்து ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள். இடுகாடு அக்கரையில்.

ஷாவா தொப்பியைக் கழற்றிவிட்டு வரைபடத்தை விரித்தான். "மேல கொஞ்ச தூரத்துல ஒரு துறை இருக்கு. கயிறு கட்டிப் பிடிச்சுக்கிட்டு நாம போயிடலாம்."

"இவங்க?"

"பெட்டியைத் தூக்கிட்டு அதுல இறங்க முடியாது. பாவம்தான். தண்ணி வடியற வரைக்கும் இருக்கணும்."

நான் அவனைக் கவனிக்கவில்லை. கரையை ஒட்டி நின்ற புகையிலைக் கொட்டகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல யூகலிப்டஸ் கழிகள், நீளமானவை, நேரானவை. நல்லவளாகக் காட்டிக்கொள்ள ஆசைதான், ஆனால் முதலில் என் கண்ணில் பட்டது செத்தவரோ அவர் சனமோ அல்ல. ஒரு பாலம் கட்டும் வாய்ப்பு. அதுவும் கேப்டன் சிட்டாலியின் மூக்குக்கு முன்னால்.

"சார், அந்தக் கொட்டகையைப் பிரிக்கப் போறேன்."

மெல்லும் சத்தம் நின்றது. "பொதுமக்கள்கிட்டேந்து ஒரு துரும்பு எடுத்தாலும் விதிமீறல், கசோண்டே."

"இவங்க பொதுமக்கள் இல்ல சார். என் மச்சான்மாரு."

கேப்டன் லோஸி சனத்தவர். அவருக்கும் டோங்கா சனத்தில் இதே முறை மச்சான்கள் உண்டு. அவர் என்னையும் கொட்டகையையும் மாறி மாறிப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. மறுபடி மெல்லத் தொடங்கினார்.

நான் வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்று, அணிவகுப்பு மைதானத்துக் குரலில் கத்தினேன்.

"ஏய் எலிதின்னிங்களா! இத்தனை பேரு இருந்துக்கிட்டு ஒரு ஆளை அந்தப்பக்கம் கொண்டுபோக வக்கில்ல? அந்தக் காலத்துல எங்களை ஜெயிச்சோம்னு கதை விடறீங்களே, ஒரு வாய்க்காலு உங்களை ஜெயிச்சுடுச்சே!"

எல்லா அழுகையும் ஒரே நேரத்தில் நின்றது. முறை தப்பிப் பேசிவிட்டேனோ, இவர்கள் இங்கோனியே இல்லையோ என்று பயந்தேன். அப்போது கூட்டத்தின் நடுவில் ஒரு பெண்மணி முகத்திலிருந்த துணியை விலக்கினாள். செத்துப்போன ஜேரேயின் மனைவி. லூசியின் அம்மா என்று எல்லோரும் கூப்பிட்டார்கள்.

"யாரது? பெம்பாவா?" என்று எங்கள் மொழியிலேயே கேட்டாள்.

"பின்னே? இவ்வளவு அழகா வேற யாரு இருப்பா?"

அவள் சிரித்தாள். பிறகு ஓவென்று அழுதாள். "வந்தியா நாத்தனாரே! கிட்வே சுரங்கத்துல காலமெல்லாம் பெம்பாக்களோட மல்லுக்கு நின்ன மனுஷன். அவரைத் திட்டறதுக்கு ஒரு பெம்பா இல்லாம ஊமையாட்டம் போறாரேன்னுதான் என் அழுகையே. கிட்வேலேந்து அவங்க கிளம்பின பஸ் மழையில எங்கயோ நின்னுபோச்சு."

"நான் வந்துட்டேன்ல. முதல்ல அந்தக் கொட்டகை யாரோடது?"

செத்தவரின் தம்பி எழுந்தார். தொப்பை, ஓட்டைத் தொப்பி. "என்னோடது."

"பிரிங்க."

"ஐயோ, புகையிலையை எங்க வைப்பேன்?"

"வாயில வைங்க மச்சான். கொஞ்ச நேரமாச்சும் பேசாம இருப்பீங்க."

அழுதுகொண்டிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். தம்பியே முதல் கழியை உருவினார். அதற்குப் பிறகு யாரையும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. முத்தாலே இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு நீந்தி அக்கரைக்குப் போனான். நடுவில் தண்ணீர் அவனை இழுத்தது. அவன் தலையைத் தூக்கி, அக்கரைப் புல்லைப் பிடித்தான். அந்தக் கயிற்றால் நீளமான கழிகளின் நுனியை இழுத்தோம். இரு கரையிலும் கல்லை அடுக்கி, கழிகளைப் பதித்து, குறுக்கே சின்னக் கழிகளைப் பரப்பிக் கட்டினோம். கட்டுவதற்கு எங்கள் கயிறு போதவில்லை. மாட்டின் நுகத்துத் தோல்வாரையும் உருவிக்கொண்டேன்.

வேலை நேரம் முழுக்கத் திட்டினேன். ஒருவரின் முடிச்சைப் பார்த்து, "இது முடிச்சா, எலிப்பொறியா?" என்றேன். "பொறியா இருந்தா உங்க குரங்கு மாட்டுமே" என்றார் அவர். ஷாவா மட்டும் பாவம். அவன் இங்கோனி ஆகையால் எழவுக்காரர்கள் பக்கம். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கழி சுமந்தான். அவனை அவ்வளவு நேரம் பேசாமல் நான் பார்த்ததே இல்லை.

பெட்டி பாலத்தின்மேல் ஏறியது. நடுவுக்கு வந்தபோது கழிகள் முனகின, கொஞ்சம் வளைந்தன. நான் போட்ட கணக்கெல்லாம் தலையில் ஒருமுறை ஓடியது. வளைந்தவை அங்கேயே நின்றன. பெட்டி அக்கரையில் இறங்கியபோது எனக்கு வந்த சந்தோஷத்தை எழவு வீட்டில் காட்டக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். பிறகு பெண்கள் போனார்கள். கடைசியாக எங்கள் குழு.

வானத்தைப் பார்த்தேன். இப்போதே கிளம்பி வேகமாக நடந்தால் குன்றைப் பிடித்துவிடலாம். "பையைத் தூக்குங்க, கிளம்பலாம்" என்றேன்.

லூசியின் அம்மா என் பையின் வாரைப் பிடித்தாள். கெஞ்சவில்லை. "எங்க போறே நாத்தனாரே? மண்ணு தள்ளற வரைக்கும் நீதானே திட்டணும்?"

"எங்களுக்கு வேலை இருக்கும்மா. நேரத்துக்குப் போய்ச் சேரணும்."

"கொட்டகையைப் பிரிச்சது மச்சினின்னா, சரி, முறை. மச்சினி பாதியில போயிட்டா அதுக்குப் பேரு வேற."

அந்த வேறு பெயர் என்னவென்று அவள் சொல்லவில்லை. நான் கேப்டனைப் பார்த்தேன். அவர் ஒரு கடலையை உரித்துக்கொண்டிருந்தார்.

ஷாவா என்னை ஓரமாக இழுத்தான். "இதுல யோசிக்க என்ன இருக்கு? முத்தாலே பெம்பாதானே? அவனை விட்டுட்டு வா."

முத்தாலே நனைந்து நடுங்கிக்கொண்டு நின்றான். "நானா? நான்... என்னன்னு திட்டறது?" என்றான். ஒரு வெற்றுக் குழியின் ஓரத்தில், முன்பின் தெரியாத சனத்துக்கு நடுவில், அவன் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். வெள்ளத்தில் இறங்கச் சொன்னபோது அவன் முகத்தில் இல்லாத பயம் இப்போது இருந்தது. எல்லாரையும் இருக்கச் சொன்னால் குழு முழுவதும் தவறிவிடும். அவர்கள் யாரும் யார் கொட்டகையையும் பிரிக்கவில்லை. பிரித்தவள் நான்.

"ஷாவா, நீ தலைமை எடுத்துக்கோ. கூட்டிட்டுப் போ. நான் பின்னால வரேன்."

முதல்முறையாக அவன் கேலி செய்யவில்லை. "கசோண்டே, நடுவுல குழுவை விட்டா தவறினதாத்தான் போடுவாங்க. உன் பாலமெல்லாம் போச்சு. தெரியுமில்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"எலிதின்னி, வழி தெரியாம எல்லாரையும் மலாவிக்குக் கூட்டிட்டுப் போயிடாத. போ."

கேப்டன் சிட்டாலி பக்கத்தில் வந்தார். "தலைமையை ஒப்படைக்கிறியா?"

"ஆமா சார்."

அவர் குறிப்பேட்டில் எதையோ எழுதினார். பிறகு குழுவின் பின்னால் நடந்தார். அவர்கள் மேட்டைத் தாண்டி மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். ஓடிப்போய்ச் சேர்ந்துகொள்ளலாமா என்று கால் துடித்தது, பொய் சொல்வானேன்.

பிறகு நான் செய்ய வேண்டியதைச் செய்தேன். பெண்கள் பாடிக்கொண்டிருந்த எழவுப் பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டுப் பெட்டியின் தலைமாட்டில் நின்றேன்.

"ஏ ஜேரே கிழவா! சண்டைன்னா ஓடறது உங்க சனத்துக்குப் பழக்கம்தான். ஆனா இவ்வளவு தூரமா ஓடறது? கிட்வேல எங்க ஆளுங்க உனக்காக திட்டு சேர்த்து வெச்சிருக்காங்க, அதையெல்லாம் இனிமே யார்கிட்ட கொடுக்கறது? எழுந்திரு! என் பாலத்துல ஓசியில வந்துட்டு நன்றி சொல்லாம படுத்திருக்கே!"

பெண்கள் சிரித்தார்கள். குழிக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டு, "இந்த இடம் எனக்கு, அந்தக் கிழவன் வேற இடம் பார்த்துக்கட்டும்" என்று அடம்பிடித்தேன். தம்பி புகையிலை ஒரு கட்டு கொடுத்து என்னை வெளியேற்றினார். லூசியின் அம்மா சிரித்துக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். மண் விழும் சத்தம் கேட்டபோது அவள் என் தோளில் சாய்ந்தாள். எனக்கும் அழுகை வந்தது. அந்த மனிதரை நான் உயிரோடு பார்த்ததே இல்லை.

நான் குன்றுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெளிச்சம் போயிருந்தது. என் குழு நேரத்துக்கு வந்து, ன்ஷிமாக் களியும் கபெண்டா மீனும் தின்று, ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தது. ஹமூங்காவின் குழுவும் வந்திருந்தது.

தேர்வுக் குழுவின் முன்னால் என்னை நிறுத்தியபோது நடுவில் ஒரு கர்னல் அம்மா. கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார்.

"உன் குறிக்கோள் என்ன, கசோண்டே?"

"பொறியியல் படை, மேடம். ஆத்துக்கு அந்தப்பக்கம் போக முடியாம யாரும் நிக்கக் கூடாது."

"நல்ல பாலம் கட்டினேன்னு கேப்டன் சொல்றாரு. கட்டிட்டு, குழுவை அனுப்பிட்டு, நீ மட்டும் பின்னால நின்னுட்டே. உன்கிட்ட இன்னொரு பெம்பா இருந்தான். அவனை இருன்னு ஏன் உத்தரவு போடல?"

"தண்ணியில இறங்குன்னு உத்தரவு போட்டேன் மேடம், இறங்கினான். எழவு வீட்டைச் சிரிக்கவைன்னு எப்படி உத்தரவு போடறது? அதோட, மச்சினி முறை சொல்லி எடுத்தது நான். நான் வாங்கினதுக்கு அவனைத் திருப்பிக் கொடுக்கச் சொல்ல எனக்கு மனசு வரல."

கர்னல் கண்ணாடியைக் கழற்றினார். "உன்னைக் குறை சொல்ல எனக்கு வாய் வரல. ஆனா குழுவைச் சேர்க்காத தலைவருக்கு என்ன மதிப்பெண்ணுன்னு விதி சொல்லுது. உனக்காக அதை வளைச்சா, நாளைக்கு யாருக்காகவோ வளைக்கணும். புரியுதா?"

"புரியுது மேடம்." உண்மையிலேயே புரிந்தது. அதுதான் கொடுமை. திட்டக்கூட ஆளில்லை.

பொறியியல் படை ஹமூங்காவுக்குப் போனது. எனக்குக் காலாட்படை. அவன் கையைக் குலுக்கி வாழ்த்தினேன், நேராகச் சாப்பாட்டுக் கூடத்தின் பின்பக்கம் போனேன், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். அம்மாவிடம் தொலைபேசியில் என்ன சொல்வது என்று தெரியவில்லை. மகள் பாலம் கட்டப்போகிறாள் என்று அவள் சந்தை முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

அப்போது ஓர் ஒப்பாரி கேட்டது.

"ஐயோ பாலமே! கட்டறதுக்கு முன்னாலயே செத்துப்போன பாலமே! போயும் போயும் ஒரு குரங்குதின்னியை நம்பிப் பொறந்தியே!"

ஷாவா. போர்வையை இடுப்பில் சிட்டெங்கேபோலச் சுற்றிக்கொண்டு, தலையில் கைவைத்துக்கொண்டு, தரையில் உருண்டான். பீரங்கிப் படை கிடைத்தவன் செய்கிற காரியமா அது?

"ஷாவா, இன்னிக்கு வேணாம். நிஜமா வேணாம்."

"இந்த ஆத்துக்கு ஒரு பாலம், அந்த ஆத்துக்கு ஒரு பாலம்னு கனவு கண்டாளே! இப்ப எல்லா ஆத்தையும் நடந்தே தாண்டப் போறாளே! ஏ குரங்குங்களா, கிளையைத் தாழ்த்துங்க, உங்க அக்கா வர்றா!"

எனக்கு வந்த கோபத்தில் காலணியைக் கழற்றி எறிந்தேன். அவன் தோளில் பட்டது. அவன் உருளுவதை நிறுத்திவிட்டு எழுந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "இன்னிக்கு வேணாமா? நீ நல்லா இருக்கறப்ப மச்சான் எதுக்குடி உனக்கு?" என்றான் மெதுவாக. என் காலணியைத் துடைத்து முன்னால் வைத்தான். உடனே மறுபடியும் தரையில் விழுந்து, "ஐயோ, எழவு வீட்ல அடிக்கிறாளே!" என்று தொடங்கிவிட்டான்.

சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் நிற்கவில்லை. இரண்டும் சேர்ந்து வரும்போது நெஞ்சு இப்படி வலிக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. மூக்கைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்டச் சிரித்தேன்.

"போதும்டா," என்றேன், மூச்சு திரும்பியதும். "காலாட்படையில நாலு வருஷம் ஆனதும் மாத்தல் கேக்கலாமாம். கேப்பேன். கொடுக்கலைன்னா அடுத்த வருஷமும் கேப்பேன். இப்ப எழுந்திரு, யாராச்சும் பார்க்கப் போறாங்க."

"இரு, என்ன அவசரம்?" என்றான் ஷாவா, போர்வையை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டு. "இன்னும் மண்ணு தள்ளல."